சிலம்பத் திரையில் பழியும் முடிவும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கம்பு பிடிக்கும் பிள்ளைகளில் பலர், வாத்தியார் முன் நிற்பதற்கு முன்பே எம்.ஜி.ஆர். கம்பு சுற்றுவதைப் பார்த்திருப்பார்கள். அதனால் நம் சண்டைப் படங்களையும் ஒரு பயிற்சிக்கூடமாகவே எடைபோட வேண்டும். என் அளவுகோல் ஒன்றுதான்: பழி எப்படி முடிகிறது?

வாள் வழிக்கு ஜெமினியின் 'அபூர்வ சகோதரர்கள்' (1949) பெரிய முன்னோடி. குடும்பத்தை அழித்தவனை இரட்டையர் பழிவாங்கும் கதை. மூலம் அலெக்சாந்தர் டூமா. 1971இல் அதையே 'நீரும் நெருப்பும்' என்று எம்.ஜி.ஆர். நடித்தார். வீச்சு அழகுதான். ஆனால் வில்லன் விழுந்ததும் சொல்ல எதுவும் மிச்சமில்லை.

டி.ஆர்.ராமண்ணாவின் 'பெரிய இடத்துப் பெண்' (1963) வேறு வழி. பெண்ணுக்காக நடக்கும் சிலம்பப் போட்டியில் நாயகன் அழகப்பன் சூழ்ச்சியால் மயக்கப்பட்டுத் தோற்கிறான். வேடம் மாற்றி வந்து, பெரிய இடத்துப் பெண்ணான புனிதாவையே மணக்கிறான். கொரிய இயக்குநர் சுங் சாங்-ஹ்வா ஹாங்காங்கில் எடுத்த 'கிங் பாக்சர்' (1972) படத்திலும் போட்டிக்கு முன் சதி உண்டு. அங்கே நாயகனின் கைகளையே நொறுக்குகிறார்கள். அவன் இரும்புக்கை வித்தை பழகிப் போட்டியில் வெல்கிறான். ஆனாலும் கணக்கு ரத்தத்தில்தான் தீர்கிறது. பயிற்சியின் வலியைக் காட்டுவதில் அந்தப் படம் நம்மைவிட ஒருபடி மேல். முடிவில் ராமண்ணா படமே மேல்.

ரத்தமில்லாமல் கணக்கைத் தீர்ப்பது சிலம்பத்துக்குள்ளேயே இருக்கும் முறை. போட்டியில் எதிராளியின் உடம்பில் கம்பு பட்டால் புள்ளி. எலும்பை முறிப்பது வித்தையில் சேராது. விழுந்த வாளை எதிரி எடுக்கட்டும் என்று எம்.ஜி.ஆர். காத்து நிற்கும் காட்சிகளில் நான் காண்பது அந்தக் கட்டுப்பாட்டைத்தான்.

'தேவர் மகன்' (1992) இன்னும் கடினமான இடத்துக்குப் போனது. பகையை நிறுத்தத் துடிக்கும் நாயகன் சக்தியின் கையாலேயே எதிரி மாயன் சாகிறான். சக்தி அதை வெற்றியாகக் கொண்டாடவில்லை, போலீசில் சரணடைகிறான். அப்பன் செய்ததற்கான தண்டனையை மகன் சுமக்கும் ஊர்களில் அந்த முடிவுக்குக் கனம் அதிகம். நம் படங்களில் பழியின் முழு விலையையும் சொன்னது இதுதான் என்பேன்.

வாத்தியார்களுக்கு ஒரு வேண்டுகோள். சுவடும் வீச்சும் கற்றுத்தரும் நாட்களில் ஒருநாள் 'பெரிய இடத்துப் பெண்', 'தேவர் மகன்' இரண்டையும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். சண்டைக் காட்சி முடிந்ததும் எழுந்துவிடாமல், கடைசிவரை பாருங்கள்.