க்ளென் மில்லரின் இரண்டு படங்கள்

ஜாஸ் தெரிந்தவர்கள் க்ளென் மில்லரை மதிப்பதில்லை. எலிங்டன், பேஸி என்று பேசிக்கொண்டு வந்து மில்லரிடம் ஒரு புன்னகையோடு நிறுத்திக்கொள்வார்கள். அளந்து வைத்த இசை, எங்கும் திடுக்கிடல் கிடையாது என்பது அவர்கள் கட்சி. பெரும்பாலும் நானும் அதே கட்சிதான். ஆனால் அவர் தன் கோஷ்டியோடு நடித்த இரண்டு படங்களும் - ஸன் வாலி செரினேட் (1941), ஆர்கெஸ்ட்ரா ஒய்வ்ஸ் (1942) - என்னைச் சற்று அசைத்துவிட்டன.

ஹாலிவுட்டில் பாண்ட் தலைவர்களுக்குக் கிடைத்தது பொதுவாக மேஜை நாற்காலியின் வேஷம். பின்னால் கோஷ்டி வாசிக்கும். முன்னால் காதலர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். மில்லர் தன் ஆட்களுக்குக் கதையில் இடம் கேட்டு வாங்கினார். முதல் படத்தில் அது பெயரளவுக்குத்தான். படம் சோன்யா ஹெனியின் ஸ்கேட்டிங்குக்காக எடுத்தது. இரண்டாவதில் உண்மையாகவே கோஷ்டிதான் கதை. ஊர் ஊராகப் பிரயாணம், கூடவே போகும் மனைவிமார், அவர்களுடைய வம்பு, வம்பில் கோஷ்டியே உடைந்துபோவது. படம் வெளியான அதே செப்டம்பரில், 27-ந் தேதி, பஸேயிக் என்ற ஊரில் கடைசியாக வாசித்துவிட்டு மில்லர் நிஜமாகவே கோஷ்டியைக் கலைத்துப் பட்டாளத்தில் சேர்ந்தார்.

அவருக்கு நடிப்பு வரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் கணக்குப் பார்க்கிற முகம். ஆனால் அந்த விறைப்பில் பொய் இல்லை. அது சம்பளம் கொடுப்பவனின் முகம். சுற்றிலும்தான் பொய்: பியானோ முன் சேசர் ரொமேரோ, ட்ரம்பெட்டோடு ஜார்ஜ் மாண்ட்கோமரி, இருவரும் நடிகர்கள், லின் பாரி இரண்டு படங்களிலும் வாயசைக்கிறார், குரல் பாட் ஃப்ரைடேயுடையது. டைட்டிலில் அவர் பெயர் இல்லை.

முதல் படத்தில் 'சட்டனூகா சூ சூ' வருகிறது. டெக்ஸ் பெனிக்கியும் மற்றவர்களும் பாடி முடித்தபின் டாரதி டாண்ட்ரிட்ஜும் நிக்கலஸ் சகோதரர்கள் இருவரும் ரயில் பெட்டி ஸெட்டின் முன் ஆடுகிறார்கள். மில்லரின் அளவு எதற்கு என்று எனக்குப் புரிந்தது இங்கேதான். தாளம் தரை மாதிரி அசையாமல் கிடக்கிறது. திடுக்கிடல் எல்லாம் கால்களில். இசைத்தட்டை மட்டும் கேட்டு நான் சொன்ன குறை, இந்த ஆட்டத்தின் முன் பாதிக் குறைதான்.

ஆனால் இந்த மூவருக்கும் கதையில் பெயர் இல்லை, முன்பின் இல்லை. கறுப்பர்கள் வரும் பகுதிகளைத் தென் மாநிலத் தியேட்டர்களில் வெட்டிவிடுவது அன்று வழக்கம். ஸ்டூடியோக்களும் வெட்டத் தோதாகவே எடுத்தன. கோஷ்டிக்கு இடம் கேட்டவர் இவர்களுக்கும் கேட்டாரா? படத்தில் அதற்கு அடையாளம் இல்லை. 1942 பிப்ரவரி 10-ல், 12 லட்சம் பிரதிகள் விற்றதற்காக அந்தப் பாட்டின் இசைத்தட்டுக்குத் தங்க முலாம் பூசி மில்லரிடம் கொடுத்தார்கள். ஆட்டம் அந்தத் தட்டில் இல்லை. அதற்காகவே நான் படத்தை மூன்று முறை பார்த்தேன். மற்றப் பகுதிகளை இன்னொரு தடவை பார்க்கிற உத்தேசம் இல்லை.