எழுந்து நிற்பவரை அளக்காத மருத்துவம்

ஒரே மாத்திரையில் இரண்டு நோயையும் அடக்கிவிடலாம் என்ற வாதம் நோயாளிகளிடம் மட்டுமல்ல, மருத்துவம் படித்தவர்களிடமும் இன்னும் செல்வாக்கோடு இருக்கிறது. பெரியவருக்கு இரத்தக் கொதிப்பு இருக்கிறது. சுக்கிலச் சுரப்பி வீங்கிச் சிறுநீரும் முக்கி முக்கிப் போகிறது. பிரசோசின், டெரசோசின், டாக்ஸசோசின் ஆகிய ஆல்ஃபா பிளாக்கர்களில் ஒன்றைக் கொடுத்தால் இரண்டுக்கும் ஆயிற்று, மாத்திரையும் குறைந்தது என்கிறார்கள். மலேசிய மலைப்பகுதியிலுள்ள லெம்பா பெர்த்தாம் போல, கிளினிக்குக்கு மலைப்பாதையில் போய்வர வேண்டிய தோட்டப்புறங்களுக்கு இதுவே தோது என்றும் வாதிடுகிறார்கள். அப்படிப்பட்ட இடங்களில்தான் இது அதிக ஆபத்தானது என்பது என் நெடுநாள் கருத்து.

இந்த மருந்துகளின் பயனை நான் மறுக்கவில்லை. சிறுநீர்ப்பையின் கழுத்துத் தசையைத் தளர்த்தி, சில நாட்களிலேயே நிம்மதி தருகின்றன. 2003இல் வெளிவந்த எம்டாப்ஸ் ஆய்வில், டாக்ஸசோசினையும் ஃபினாஸ்டரைடையும் சேர்த்துக் கொடுத்தபோது சுக்கிலச் சுரப்பி நோய் முற்றுவது 66 விழுக்காடு குறைந்தது. சர்க்கரையையும் கொழுப்பையும் இவை கெடுப்பதில்லை. இவ்வளவும் உண்மை.

ஆனால் இரத்தக் கொதிப்புக்கு இவை முதல் மருந்தல்ல என்பது கால் நூற்றாண்டுக்கு முன்பே முடிவான விஷயம். ஆல்ஹாட் என்ற பெரும் ஆய்வில் டாக்ஸசோசின் பிரிவை 2000ஆம் ஆண்டிலேயே பாதியில் நிறுத்தினார்கள். குளோர்தாலிடோன் என்ற பழைய நீர்மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், டாக்ஸசோசின் சாப்பிட்டவர்களில் இதயம் செயலிழந்தோர் ஏறத்தாழ இரண்டு மடங்கு. மற்ற மருந்துகளுக்கு அடங்காத கொதிப்பில்கூட ஸ்பிரோனோலாக்டோன் இதைவிட மேல் என்று 2015இல் பாத்வே-2 ஆய்வு காட்டியது. சிறுநீர்க் கோளாறுக்காக ஆல்ஃபா பிளாக்கர் சாப்பிடுகிறவருக்குக் கொதிப்பும் பார்த்தாயிற்று என்று கணக்கு முடிப்பது, ஒரு நோயை மருந்தில்லாமல் விடுவதற்குச் சமம்.

என் முதன்மையான குறை வேறு. இந்த மருந்தின் ஆபத்து மனிதர் எழுந்து நிற்கும்போது இருக்கிறது. நம் மருத்துவம் அவரை உட்கார வைத்து அளக்கிறது.

நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் அதிகமான இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. உடனே நரம்புகள் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, மூளைக்குப் போகும் இரத்தம் குறையாமல் காக்கின்றன. ஆல்ஃபா பிளாக்கர் தடுப்பது அந்தக் கட்டளையைத்தான். ஆகவே நாற்காலியில் உட்கார்ந்தவரின் கையில் பட்டையைச் சுற்றி, 136/80 என்று குறித்து, "நல்லா இருக்கு, ஐயா" என்று அனுப்பும்போது, எதை அறிய வேண்டுமோ அது அறியப்படவே இல்லை. செய்ய வேண்டியது எளிது: ஐந்து நிமிடம் படுக்க வைத்து அளக்க வேண்டும், எழுந்து நிற்கச் சொல்லி முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் அளக்க வேண்டும். மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அது எச்சரிக்கை. இதற்குப் புதுக் கருவி வேண்டாம். பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்காமலே மாத்திரையின் அளவைக் கூட்டுகிறார்கள்.

பெர்த்தாமின் காய்கறித் தோட்டத்தில் ஒரு முதியவரின் நாளைப் பாருங்கள். பாத்தியோரம் மணிக்கணக்கில் குந்தியிருந்து எழுகிறார். குளிரில் வேலை முடித்து வந்து கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிக்கிறார். வெந்நீரும் குழாய்களை விரிக்கும். நள்ளிரவில் மூத்திரம் முட்டி, தூக்கக் கலக்கத்தோடு சட்டென்று எழுந்து நடக்கிறார். மூன்றும் மயக்கம் வரக்கூடிய வேளைகள். எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்தால், சிறுநீர் சீராகப் போனதில் என்ன பயன்?

முதல் வேளை மாத்திரையே ஆளைச் சாய்க்கும் என்பது தெரிந்த செய்தி. பிரசோசினை 2 மில்லிகிராமில் தொடங்கியவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவுக்கு மயங்கி விழுந்ததால்தான், சிறிய அளவில், படுக்கைக்குப் போகும் நேரத்தில் தொடங்கச் சொல்கிறார்கள். ஆனால் மருந்து சில நாள் விட்டுப்போனால் உடம்பு மறுபடியும் புதிய உடம்பாகிவிடும், பழைய அளவை அப்படியே விழுங்கக் கூடாது என்பதை யார் எடுத்துச் சொல்கிறார்கள்? மண்சரிவில் சாலை அடைபடும் மலை இது. 2013 அக்டோபரில் சுல்தான் அபு பக்கார் அணை நீர் திறக்கப்பட்டு வெள்ளம் புகுந்த பள்ளத்தாக்கும் இதுவே. மருந்து விட்டுப்போவது இங்கே அபூர்வமல்ல. விட்ட மாத்திரைக்கு ஈடுகட்ட இரண்டாகச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. ஆண்மைக்கென்று விற்கும் கோப்பிப் பொட்டலங்களில் சில்டெனாஃபில், தடாலாஃபில் கலந்திருப்பதை மலேசிய சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. அந்தக் கோப்பியும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் அழுத்தம் படுபாதாளத்துக்கு இறங்கும். கண்புரை அறுவைக்குப் போகிறவர் இம்மருந்தைச் சொல்லியாக வேண்டும். கருவிழித்திரை தளர்ந்து அறுவையையே சிக்கலாக்கும் என்பது 2005 முதல் தெரிந்தது.

கொதிப்புக்குத் தனியாக நீர்மாத்திரை கொடுத்தால் சிறுநீர் இன்னும் கூடாதா என்று கேட்பார்கள். காலையில் சாப்பிட்டால் இரவுத் தொல்லை பெரிதாகக் கூடாது. ஒத்துக்கொள்ளாவிட்டால் அம்லோடிபின், பெரிண்டோபிரில் இருக்கின்றன. சிறுநீர்க் கோளாறுக்கு, அழுத்தத்தை அவ்வளவாக இறக்காத டாம்சுலோசின் இருக்கிறது. அதிலும் தலைச்சுற்றல் வரலாம் என்பதால் அதற்கும் நின்ற அளவு தேவைதான். இரண்டு நோய்க்கு இரண்டு மருந்து என்பது வீண்செலவல்ல.

சாப்பிடுகிறவர்கள் பயந்துபோய் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அடுத்த முறை கிளினிக்கில், "நிக்க வச்சும் ஒரு தடவ பாருங்க" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. நின்ற அளவை எழுதாத அட்டையில் ஆல்ஃபா பிளாக்கரின் அளவைக் கூட்டி எழுத எந்த மருத்துவருக்கும் நியாயம் இல்லை.