தூண் மறைவில் நின்ற சுவைஞன்

திரைப்படம் என்றவுடன் முகஞ்சுளிப்பது தமிழாசிரியர் உலகில் நெடுநாளாக வேரூன்றிய வழக்கம். அதிலும் ஆட்டமும் பாட்டும் கேலியும் மலிந்த படமாயின், அது மாணவரின் பொழுதைக் கொல்லும் பொருள் என்று தீர்ப்பெழுதிவிட்டு அப்பால் செல்வதே பலர்க்கு எளிது. அத்தகையோரையும் இருக்கையில் கட்டிப்போட்ட படங்கள் மிகச் சிலவே. ஏ. பி. நாகராசன் இயக்கி 1968ஆம் ஆண்டு வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' அச்சிலவற்றுள் ஒன்று. எள்ளி நகையாடும் எண்ணத்தோடு காண அமர்ந்தவர் இறுதிவரை எழாதிருந்தமைக்குக் காரணம் யாது? விடை படத்தின் உள்ளேயே இருக்கிறது.

நாகசுரக் கலைஞன் சிக்கல் சண்முகசுந்தரம் செருக்கு மிக்கவன். தன் இசைக்கு இடையே வாணவேடிக்கை வெடித்தமைக்காக வாசிப்பை நிறுத்திவிட்டு எழுந்து செல்பவன். ஆடல்மகள் மோகனாம்பாளின் சதிரை அவன் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. எனினும் அவனே தூணின் மறைவில் நின்று அவ்வாட்டத்தைக் காண்கிறான், காணக்காண மெய்ம்மறக்கிறான். அவளோ அவன் மறைந்து நிற்பதை அறிந்துகொண்டு, அதனையே தன் பாட்டின் பொருளாக்கி ஆடுகிறாள். இகழ வந்தவன் சுவைஞனாகிவிட்டதைச் சபையறியச் சொல்லாமற் சொல்கிறாள். மேலான கலை எது, கீழான கலை எது என்று முன்னரே வகுத்துக்கொண்டு வந்த எவரும் இக்காட்சியில் தம்மைக் கண்டுகொள்வர். திரையரங்கின் இருளும் ஒரு தூண் மறைவுதானே!

கதை, கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை. 'ஔவையார்' (1953) படத்தை இயக்கியவரும் அவரே. நாகராசனோ 'திருவிளையாடல்' (1965), 'சரஸ்வதி சபதம்' (1966) எனத் தெய்வக் கதைகளில் பெயர் பெற்றவர். தேவர்களை விடுத்து மேளக்காரர் வீட்டுத் திண்ணைக்கு அவர் இறங்கி வந்தபோது அவர்தம் கலை மேலும் ஒளிபெற்றது என்றே கூறவேண்டும். கே. வி. மகாதேவனின் இசையமைப்பில் திரைக்குப் பின்னிருந்து நாகசுரம் வாசித்தோர் மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி உடன்பிறப்புகள். சிவாசி கணேசனின் கன்னமும் கழுத்தும் விரல்களும் அவ்வோசைக்கு உடலாயின. டி. எஸ். பாலையாவின் தவில்காரரோ நடிப்பென்றே தோன்றாத நடிப்பு.

படம் காட்டும் காலம் சமீன்தார்களும் மைனர்களும் வெள்ளைக்கார விருந்தினரும் உலவிய காலம். (இதில் வரும் சிங்கபுரம் மைனர், ஜொகூர்ப் பாலத்திற்கு அப்பாலுள்ள ஊரைச் சேர்ந்தவர் அல்லர் என்பதை மாணவர்க்குச் சொல்லிவைத்தல் நலம்.) சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இலும் சமீன் ஒழிப்புச் சட்டம் 1948இலும் இயற்றப்பட்டன. ஆகவே படம் வெளிவந்தபோதே அவ்வுலகம் மறைந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. மறைந்ததை நினைந்து அழுவது எளிது. போற்றிப் பாடுவது அதனினும் எளிது. நாகராசன் இரண்டும் செய்யாது, அதனைப் பார்த்துச் சிரித்தார். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதற்கண் வைத்ததையும், அதன் நிலைக்களன்களுள் எள்ளலையும் ஒன்றாகக் கொண்டதையும் ஈண்டு நினைவுகூரலாம்.

ஆயினும் இச்சிரிப்பை ஐயுறாது ஏற்றல் தகுமா என்பதும் ஆராயத் தக்கதே. நாகேசு நடித்த சவடால் வைத்தியின் தொழில் யாது? செல்வர்க்குப் பெண்ணை இணக்கித் தருதல். வாழ்வில் அருவருக்கத்தக்க அத்தொழிலைப் படம் நகைப்புக்குரியதாக்குகிறது. மோகனாவின் தாய் வடிவாம்பாள், மணிமேகலைக் காப்பியத்துச் சித்திராபதியின் வழித்தோன்றல். மகளின் கலையை விலையாகவே காண்பவள். புகைவண்டிப் பெட்டியில் காதலர் இருவரின் கண்களும் பேசிக்கொள்ள, அவள் இடையே காவல் புரியும் காட்சியில் அரங்கமே சிரிக்கிறது. அக்காவல் யாருக்காக என்று எண்ணின் சிரிப்பு அடங்கும். மதன்பூர் அரண்மனைக் காட்சிகளில் அவ்வச்சம் வெளிப்படையாகவே தலைகாட்டுகிறது. படத்தின் குறை இதுவெனச் சிலர் கூறுவர். கொடுமையைக் கொடியவன் முகத்தோடு காட்டாமல், எல்லாரும் விரும்பி வரவேற்கும் இன்முகத்தோடு காட்டியதே உண்மைக்கு நெருக்கமானது எனல் பொருந்தும். இடைத்தரகர்கள் எக்காலத்தும் வேடிக்கையாகப் பேசுபவர்களே.

இதனை ஜொகூர்த் தோட்டப்புறத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை. திடலில் வெண்திரை கட்டிப் படம் காட்டிய நாள்களில், பாய் விரித்து அமர்ந்திருந்தோர் வைத்தியைக் கண்டதும் தம்முள் பார்த்துச் சிரித்திருப்பர். துரையிடம் குழைந்தும் தொழிலாளியிடம் விறைத்தும் பேசி இரு பக்கமும் பயன்பெறுவோரை அவர்கள் நாள்தோறும் கண்டவர்கள். தஞ்சையையோ திருவாரூரையோ கண்டிராத தலைமுறைக்கு அவ்வூர்களின் பெயர்கள் பாட்டன் வாயிலாக வந்தவை. இப்படத்தில்தான் அவற்றுக்கு ஓசையும் நிறமும் கிடைத்தன. குளுவாங், சிகாமட் பகுதிக் கோயில் திருவிழாக்களில் தமிழகத்திலிருந்து வரும் நாகசுரக் கலைஞர்களை இன்றும் கேட்கலாம். ஆனால் திருமணங்களில் ஒலிநாடா புகுந்து, அதன்பின் கைப்பேசியே மேளக்காரனாகிவிட்ட நிலையில், சீவாளியை வாயில் வைத்து நனைக்கும் ஒரு மனிதனை மாணவன் கூர்ந்து பார்க்கும் வாய்ப்பு அருகிவிட்டது. அவனுக்கு இப்படம் கதைக்கு முன் ஒரு காட்சிப்பாடமாகிறது.

பாடலைப் பாடமாக நடத்துவோர் ஓரிடத்தில் நின்று செல்லவேண்டும். கையில் காயமுற்றுத் தேறிய சண்முகசுந்தரம் நாகசுரம் வாசிக்க, மோகனா அவையோர் முன் ஆடுகிறாள். பி. சுசீலாவின் குரலில் அவள் கேட்பது வெறும் நலவிசாரிப்பு. அவையோர்க்கு அது பாட்டு. அவனுக்கு அது மருந்து. பலர் நடுவே ஒருவர்க்கு மட்டும் விளங்கப் பேசும் இம்முறை, உள்ளுறையைக் கரும்பலகையில் எழுதி விளக்க முயன்று களைத்த ஆசிரியர்க்குக் கிடைத்த கொடை. கண்ணதாசன் எளிய பேச்சுச் சொற்களைக் கொண்டே இதனைச் செய்தார்.

மனோரமாவின் சில்சில் ரமாமணியைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். நாடகக் கொட்டகைப் பெண் அவள். சாத்திரம் அறியாதவள், ஆயினும் கலைஞனைக் கண்டமாத்திரத்தில் போற்றத் தெரிந்தவள். செருக்குடைய இருவர் நடுவே செருக்கற்ற ஒருத்தி.

படம் திருமணத்தோடு நிறைவுறுகிறது. அதன்பின் மோகனா ஆடினாளா என்பதை அது சொல்லவில்லை. அக்காலத்துக் குடும்ப வழக்கை அறிந்தோர்க்கு அம்மௌனம் சற்றே உறுத்தும். மோகனாவாக ஆடிய பத்மினியோ 1961இலேயே மணம் புரிந்தவர். ஏழாண்டுகளுக்குப் பின்னரே இப்படத்தில் சலங்கை கட்டினார். பிற்காலத்தில் அமெரிக்காவின் நியூ செர்சியில் பள்ளி நிறுவி, அங்குள்ள பிள்ளைகளுக்கு நாட்டியம் கற்பித்தார்.