புள்ளியும் கட்டமும்

மண்டல ஓவியம் என்றாலே 'தியானம்' என்ற சொல் முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஷார்ஜா தொழில்பேட்டைக்கும், அதாவது நாமெல்லாம் சனையா என்று சொல்லும் இந்தக் கிடங்குகளுக்கும், அந்தச் சொல் வந்து சேர்ந்துவிட்டது. கிடங்குகளுக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் நிறுவிக்கொடுப்பது என் பிழைப்பு. சென்ற ஆண்டு அப்படிப் போன ஓர் இடத்தில், ஊழியர் நலன் என்ற பெயரில் ஆளுக்கொரு மண்டல வண்ணத்தாளும் ஆறு கலர் பென்சிலும் கொடுத்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்திலிருந்து பத்து நிமிடத்தை எடுத்து அதைத் தீட்ட வேண்டும். மன உளைச்சல் குறையும் என்று தாளின் அடியில் அச்சிட்டிருந்தது.

அது பொய்யில்லை. அமெரிக்காவில் கரி, காசர் என்ற இரு ஆய்வாளர்கள் 84 கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனையை 2005-இல் வெளியிட்டார்கள். முதலில் மாணவர்களைப் பதற்றப்படுத்திவிட்டு, ஒரு பிரிவிடம் மண்டலத்தையும் இன்னொரு பிரிவிடம் கட்டம்போட்ட துணி போன்ற வடிவத்தையும் மூன்றாவது பிரிவிடம் வெற்றுத்தாளையும் கொடுத்தார்கள். மண்டலம் தீட்டியவர்களின் பதற்றம் தணிந்தது. கட்டம் தீட்டியவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு தணிந்தது. வெற்றுத்தாள்காரர்களுக்குத்தான் பலனில்லை. 2012-இல் இதே சோதனையைத் திரும்பச் செய்த வேறிருவர் கட்டத்தைவிட மண்டலமே மேல் என்று கண்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எப்படியானாலும் கட்டம் என்பது நமக்கு லுங்கி. இங்கே தங்குமிடங்களில் அடுக்குக் கட்டிலுக்குத் திரையாகத் தொங்குவதும் அதுதான். அந்தத் துணிக்கும் ஸ்ரீசக்கரத்துக்கும் இவ்வளவு நெருக்கமான போட்டி இருக்குமானால், மனம் தணிவதற்குப் புனிதத்தைவிட ஒழுங்கே கூடுதல் காரணம் என்று நினைக்கத் தோன்றுகிறது.

ஆனால் ஓவியத்திடம் போய் அமைதியை மட்டும் கேட்பது, நல்ல சமையல்காரரிடம் வெந்நீர் கேட்பதைப் போன்றது.

உளவியலாளர் யுங் 1918-19-இல் சுவிட்சர்லாந்தில் ஒரு முகாமுக்குப் பொறுப்பாளராக இருந்தார். போரில் பிடிபட்ட ஆங்கிலேயப் படைவீரர்களைத் தங்கவைத்திருந்த முகாம் அது. அங்கே தினமும் காலையில் நோட்டுப்புத்தகத்தில் சிறியதாக ஒரு வட்ட ஓவியம் வரைவார். ஒருநாள் ஒரு பெண்மணியிடமிருந்து வந்த கடிதம் அவருக்கு எரிச்சலூட்டியது. மறுநாள் வரைந்த மண்டலத்தின் விளிம்பில் ஒரு பகுதி உடைந்து, சமச்சீர் குலைந்திருந்தது. அதை அவரே பதிவுசெய்திருக்கிறார். அந்த வட்டம் எரிச்சலை ஆற்றவில்லை, அவருக்கே காட்டிக்கொடுத்தது. அச்சடித்த வண்ணத்தாளில் விளிம்பு உடைய வழியே இல்லை. செல்பேசிச் செயலிகளில் இன்னும் மோசம். ஒரு கோடு இழுத்தால் மற்ற பதினொன்றை அதுவே வரைந்துவிடுகிறது. எண்ணுகிற வேலையை எந்திரம் எடுத்துக்கொண்டபின் மனிதனுக்கு என்ன மிச்சம்?

இந்த இடத்தில் சென்னை ஓவியர்கள் நினைவுக்கு வருகிறார்கள். கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். அந்தக் கூட்டத்தில் ஒருவர், அவருடைய மாணவர் கே.வி. ஹரிதாசன். அதே ஆண்டில்தான் அஜித் முகர்ஜியின் 'தந்த்ர ஆர்ட்' நூல் வெளிவந்து, இந்திய யந்திரங்களை மேற்கத்திய வரவேற்பறைகளுக்குக் கொண்டுபோனது. பிறகு பிரேன் டே, ஜி.ஆர். சந்தோஷ், ஹரிதாசன் எல்லாரையும் 'நவ தாந்திரிகம்' என்ற ஒரே பெட்டியில் போட்டு மூடினார்கள். ஹரிதாசனின் 'பிரம்மசூத்ரா' வரிசையில் நடு அச்சின் இருபுறமும் வடிவங்கள் நிறுத்துப் பார்த்ததுபோல் நிற்கும். அச்சு மிக இறுக்கமாக இருக்கும் படங்கள் எனக்கு வண்ணத்தாளையே நினைவூட்டுகின்றன. நிறம் வடிவத்தின் எல்லையை மீறி ஒளிரும் படங்களிலோ தத்துவ விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை, கண் தானாகவே நிற்கிறது. அவர் ஓவியராக நிலைப்பது இந்த இரண்டாவது வகையால்தான்.

பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை வேறு சங்கதி. 1963-இல் தொடங்கியது. கணிதக் குறிகள், ஜாதகக் கட்டங்கள், மலையாளம் போலத் தோன்றி வாசிக்க முடியாமல் நழுவும் எழுத்துகள் எல்லாம் அதில் உண்டு. ஜாதகக் கட்டமும் ஒரு மண்டலம்தானே? அவர் அதை வழிபடாமல் ஒரு குப்பைக் காகிதத்தைப்போல எடுத்துக் கையாண்டார். கற்பனைக்கு அந்தத் துணிச்சல் வேண்டும். ஊர்ப்பக்கம் போகும் வாசகர்கள் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் நிறுத்தி சோழமண்டலத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

புலம்பெயர்ந்தவர்களுக்கு நெருக்கமானவர் எஸ்.எச். ரஸாதான். மத்தியப் பிரதேசக் கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளி வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும். 1950-இல் பிரான்ஸ் போனவர், முப்பது ஆண்டு கழித்து அந்தப் புள்ளிக்குத் திரும்பினார். 1981-இல் வரைந்த 'மா' ஓவியத்தில் கறுப்புப் புள்ளியோடு அசோக் வாஜ்பாயின் கவிதை வரியொன்றைத் தேவநாகரியில் எழுதியிருக்கிறார். திரும்பி வரப்போகும் மகன் தாயிடம் பேசும் வரி. அந்தப் புள்ளி நிம்மதியின் புள்ளியில்லை. ஊருக்குப் போகும்போது பெட்டியில் என்ன வைப்பது என்று கணக்குப் போட்ட எவருக்கும் அந்தக் கறுப்பு புரியும். பிற்காலத்தில் அவர் வரைந்து தள்ளிய ஒழுங்கான வட்டங்களில் பல அந்தக் கேள்வியை மறந்துவிட்டு ஒரு நிறுவன முத்திரைபோல ஆகிவிட்டன. தியானம் என்று பெயர் சொல்லி விற்பனையாவதும் அவைதான்.

ஷார்ஜாவில் இன்னொரு வட்டமும் இருக்கிறது. இஸ்லாமியக் கோலவடிவங்களைக் கவராயம் வைத்து வட்டம் போட்டுத்தான் தொடங்குவார்கள். நட்சத்திரங்கள் உருவானபின் அந்த வட்டம் மறைந்துவிடும். எந்த நட்சத்திரமும் தலைமை நட்சத்திரமில்லை, சுவர் முடிந்தாலும் வடிவம் முடிவதில்லை. நடுப்புள்ளியைத் தேடியே பழகிய நம் கண்ணுக்கு இது நல்ல பயிற்சி.

கோலத்தை ஓவியத்தோடு சேர்ப்பதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-இல் கோலத்துக்குக் கணினி மொழியியலின் அணி இலக்கணம் எழுதினார்கள் என்பதை அறிந்தபோது எனக்குத் தொழில்முறைப் பெருமிதம் வந்தது. சிக்குக் கோலத்தின் விதி எளிது. கோடு புள்ளியைத் தொடக்கூடாது, எந்தப் புள்ளியையும் விட்டுவிடக்கூடாது, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். விதி எளிது, எண்ணிக்கைதான் ஆளைக் கொல்லும்.

நான் குறிப்பிட்ட அதே கிடங்கின் முற்றத்தில், பொங்கலன்று புதுக்கோட்டைக்காரர் ஒருவர் ஜிப்சம் தூளில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். ஊரில் கோலப்பொடி டப்பாவையே தொட்டிருக்க மாட்டார். போட்டிம் செயலியில் மனைவி மறுமுனையில் இருந்தார். "பதினஞ்சு புள்ளி, சந்துப்புள்ளி எட்டு வரைக்கும். அந்தப் பக்கம் ஒண்ண விட்டுட்டீங்க பாருங்க." முற்றத்தின் நடுவில் சாக்கடை மூடி ஒன்று, மேலே அரபி எழுத்து வார்த்தது. புள்ளி அதன்மேல் நிற்காமல் தூள் எழுத்தின் இடுக்குகளில் விழுந்தது. அவர் சற்று யோசித்துவிட்டு, மூடியையே ஒரு புள்ளியாக வைத்துக்கொண்டு கோட்டை அதைச் சுற்றி வளைத்தார். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை, கணக்கு இடிக்கும் என்றார். பிறகு, போனைக் கொஞ்சம் மேலே தூக்கிக் காட்டச் சொல்லி, முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.