ஸ்டூர்மக்ட்ஸ்டீடென்

ஸ்டூர்மக்ட்ஸ்டீடென் என்பது சுவீடன் வரலாற்றில் 1611 முதல் 1718 வரையிலான (சிலர் 1721 வரை நீட்டுவர்) காலத்தைக் குறிக்கும் சுவீடியக் கூட்டுச்சொல். 'வல்லரசுக் காலம்' என்பது பொருள். ஸ்டூர் (பெரிய), மக்ட் (அதிகாரம்), டீட் (காலம்) என்பன இதன் உறுப்புகள். நடுவில் வரும் 'ஸ்' தமிழின் சாரியையை ஒத்தது.

சுவையானது நடுச்சொல்லே. செருமனியத்தில் இரவு 'நாஹ்ட்', சுவீடியத்தில் 'நட்'. எட்டு அங்கே 'ஆஹ்ட்', இங்கே 'ஓட்டா'. 'ஹ்ட்' இரட்டை டகரமாவதே வடசெருமானிய மொழிக் குடும்பமான நோர்டிக் மரபு. பழைய நோர்சில் ஆற்றலுக்கு 'மாட்டர்' என்ற சொல்லும் இருந்தது. 'மக்ட்' இவ்விதிக்கு அடங்கவில்லை. ஹன்சா வணிகம் செழித்த இடைக்காலத்தில் கீழ்ச் செருமனியத்திலிருந்து வந்த கடன்சொல் அது. பெருமிதச் சொல்லின் கருவே இரவல்!

இச்சொல் பிற்கால வரலாற்று நோக்கில் அமைந்த பெயர். அதன் குறையும் அதுவே. அரசின் எல்லை விரிந்ததை அது சொல்கிறது, படைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட உழவர்களைச் சொல்வதில்லை. பின்லாந்து, லிவோனியா, பொமரேனியா ஆகியவை ஆளப்பட்ட கதையும் அதில் இல்லை. ஆனால் ஆளப்பட்ட எசுத்தோனியரோ அதே காலத்தை 'நல்ல பழைய சுவீடியக் காலம்' என்று அழைத்தனர். அந்தத் தொடரில் அதிகாரம் என்ற சொல்லே கிடையாது.