இரட்டை நெருப்பு

சீன எழுத்து என்றாலே நம் கவிதை ஆட்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. ஒவ்வோர் எழுத்தும் ஒரு படம், ஒவ்வொரு படமும் ஒரு கவிதை என்கிற மயக்கம். இதைப் பரப்பியதில் பெரிய பங்கு எஸ்ரா பவுண்டுக்கு. அமெரிக்கரான எர்னஸ்ட் ஃபெனலோசா 1908இல் இறந்த பிறகு, சீனக் கவிதை பற்றிய அவருடைய குறிப்பேடுகள் பவுண்டின் கைக்கு வந்தன. சீனம் படிக்கத் தெரியாமலே அவற்றை வைத்து 1915இல் ‘கத்தே’ மொழிபெயர்ப்புகளை வெளியிட்டார் பவுண்ட். 1919இல் சீன எழுத்து பற்றிய ஃபெனலோசாவின் கட்டுரையை அச்சேற்றினார். இந்த எழுத்து பொருளைக் கண்ணுக்கே காட்டிவிடும், ஓசை இரண்டாம்பட்சம் என்பது அதன் சாரம்.

‘கத்தே’யின் ஆங்கிலம் அழகானது, அதில் சண்டை இல்லை. கட்டுரையோடுதான் சண்டை. அதைச் சோதிக்க ஒரே ஓர் எழுத்து போதும்.

மலேசியாவில் சீனப் பத்திரிகைகள் ‘தமிழ்’ என்பதை மூன்று எழுத்துகளால் எழுதுகின்றன: தான், மீ, அர். முதல் எழுத்துக்கு 11 கோடு. இடப்பக்கம் மூன்று துளி நீர், வலப்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு நெருப்பு. புக்கிட் தெங்காவில் வேலை முடிந்து வந்த இரவுகளில் கட்டம் போட்ட நோட்டில் இதை எழுதிப் பழகினேன். மேல் நெருப்பின் கடைசிக் கோட்டை இழுக்காமல் சின்னப் புள்ளியாக முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கீழ் நெருப்புக்கு இடம் இருக்காது.

பவுண்டின் வழியில் போனால் கவிதை ரெடி: நீரும் நெருப்பும் சேர்ந்தது தமிழ்! கேட்க சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த எழுத்தின் பொருள் ‘சப்பென்று இருப்பது’. அடுத்தது ‘அரிசி’. மூன்றாவது, பழைய நடையில் ‘நீ’. நம்ம மொழிக்கு இப்படியா பேர் வைப்பாங்க என்று கோபப்பட்டால் அதுவும் பவுண்டின் ரசனைதான், தலைகீழாக. இரண்டுமே பக்கத்து வீட்டுக்காரர் பேசுவதைக் கேட்காமல் அவருடைய எழுத்தை வேடிக்கை பார்ப்பவை.

இரட்டை நெருப்பு அங்கே உட்கார்ந்திருப்பது ஓசைக்காக. அதே நெருப்போடு பேச்சைக் குறிக்கும் உறுப்பைச் சேர்த்தால் ‘உரையாடு’ என்றாகும். நோயைக் குறிக்கும் உறுப்பைச் சேர்த்தால் ‘சளி’. படமாகப் பார்த்தால் மூன்றுக்கும் சம்பந்தமே இல்லை. காதால் கேட்டால் மூன்றும் ஒரே குடும்பம். மாண்டரினில் மூன்றுமே ஏறக்குறைய ‘தான்’. பெரும்பாலான சீன எழுத்துகளின் கட்டுமானம் இதுதான்: ஓர் உறுப்பு பொருளுக்குக் குறிப்பு தரும், மற்றது ஓசைக்கு.

இன்னும் உற்றுக் கேட்கலாம். ஹொக்கியன் வாசிப்பில் இதே எழுத்து ‘தாம்’. கன்டனீசிலும் ‘ம்’தான் முடிவு. தாம்-மீ என்று சொல்லிப் பாருங்கள், நம் ‘தமி’ காதில் விழும். சீனாவில் முதல் எழுத்தே வேறு: ‘தாய்’, பொருள் அமைதி. அதற்காக அங்கே தமிழ் அமைதியான மொழியாகிவிடவில்லை.

படமே கிடையாது என்று சொல்ல வரவில்லை. பக்கத்து ஊரான புக்கிட் மெர்தாஜாமைச் சீனர்கள் ‘பெரிய மலையடி’ என்று எழுதுகிறார்கள். அதிலுள்ள ‘மலை’ மூன்று முகடுகளின் சித்திரமாகத் தொடங்கியது. ஆனால் பஸ் பலகையில் அதை வாசிப்பவர் முகடுகளை எண்ணுவதில்லை. ‘துவா சுவா கா’ என்று ஊர்ப்பெயரைச் சொல்லிவிட்டு ஏறுகிறார்.

எழுத்து நோட்டில் கைக்கு வந்தது, புழக்கத்தில்தான் பிடிபட்டது. இதே ‘தான்’ தண்ணீரோடு சேர்ந்தால் நன்னீர், பருவத்தோடு சேர்ந்தால் வியாபாரம் மந்தமான காலம். ஆர்டர் குறைந்த ஒரு மாதம், சக ஊழியர் “இப்ப தான்-ஜி லா” என்றார். எழுத்து கண்முன் வந்தது, நெருப்பு வரவில்லை. அடுத்த வாரம் ஓவர்டைம் உண்டா என்று வாட்ஸ்அப்பில் அவரிடம் கேட்கும்போது அந்த இரண்டு எழுத்தையும் நானே போட்டேன். இல்லை என்று பதில் வந்தது.

படிமம் பற்றிய பேச்சோடு நம் புதுக்கவிதைக்குள்ளும் வந்தவர் பவுண்ட். தமிழ்நாட்டில் எழுதுகிறவர்கள் சீன எழுத்தைப் படமாகக் கண்டு சொக்கினால் புரிந்துகொள்ளலாம். மலேசியாவில் எழுதுகிற நமக்கு அந்தச் சலுகை கிடையாது. பவுண்டுக்குச் சீனம் ஒரு குறிப்பேடு. நமக்கு அது அடுத்த மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறது.