வெள்ளாற்றங்கரைச் சமையல்: மரபுகளும் தரமும்

நம் வட்டாரத்தில் எங்கே போய் எதைச் சாப்பிடலாம், எந்த மரபு எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதித் தரும்படி நம் சமையல்காரர் சங்கத்தின் மலர்க்குழுப் பெரியவர்கள் பணித்தார்கள். என்னைவிட மூத்த கைகள் சங்கத்தில் இருக்கும்போது நான் எழுதுவதா என்று தயங்கினேன். பெரியவர்கள் சொல்லைத் தட்டக் கூடாது என்று ஒப்புக்கொண்டேன். யார் யாரிடம் கற்றார், எந்தக் குடும்பம் எந்தக் கோயில் மடப்பள்ளிக்கு உரியது என்பதெல்லாம் உறுப்பினர்கள் அறிந்ததே. அதற்குள் நான் போகவில்லை.

முதல் இலை தில்லைக்கு. சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சுவும் சேர்ந்து இலையில் விழுந்தால் வேறு எதுவும் வேண்டாம். மார்கழித் திருவாதிரைக் களியையும் கூட்டையும் அன்றைக்கே அங்கேயே சாப்பிட வேண்டும். பொட்டலம் கட்டி நெய்வேலிக்குக் கொண்டுவந்தால் அது வேறு பண்டம். பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கம் நண்டும் இறாலும். அது கடற்கரை அண்ணன்மார் எழுத வேண்டிய பகுதி.

பண்ருட்டிப் பக்கத்துக் கை தனி. பச்சை முந்திரியை உடைத்துக் குழம்பு வைப்பார்கள். ஓட்டில் இருக்கும் பால் பட்டால் கை வெந்துவிடும் என்பதால் எண்ணெய் தடவிக்கொண்டுதான் உட்காருவார்கள். பலாக்கொட்டையும் கருவாடும் சேர்ந்த புளிக்குழம்பை ஓட்டலில் தேடாதீர்கள். சித்திரை, வைகாசியில் தோப்பு வைத்திருக்கும் உறவுக்காரர் வீட்டுக்குப் போங்கள். 2011 டிசம்பர் 30இல் அடித்த தானே புயலில் தலைமுறைப் பலா மரங்கள் சாய்ந்தன. புது மரங்கள் வந்துவிட்டன, ஆனால் பழைய சுளையின் ருசி இன்னும் வரவில்லை என்றே அங்குள்ள மூத்தவர்கள் சொல்கிறார்கள்.

வடலூரைத் தரம் பார்க்க எனக்குத் தகுதி இல்லை. 1867 மே 23இல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. வருகிறவர் யார் என்று கேட்காமல் சோறு போடுகிறார்கள். நம் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் அந்த அடுப்பின் முன் ஒருமுறையாவது நின்றுவிட்டு வர வேண்டும்.

இனி எங்கள் மரபு. என் ஆசான் வளையமாதேவிக்காரர். சேத்தியாத்தோப்பைச் சுற்றிய ஊர்களில் அவர் கை படாத கல்யாணப் பந்தி குறைவு. சைவத்துக்கும் அசைவத்துக்கும் பாத்திரம் தனி, கரண்டி தனி, அடுப்புக்குக் கல்லும் தனி. வீராணம் ஏரி விராலை உப்பும் புளியும் போட்டுக் கல்லில் தேய்ப்பார். சேற்று வாடை போயிற்றா என்று மோந்து பார்த்த பிறகே சட்டிக்கு அனுப்புவார். மாங்காய்க் காலமானால் புளியைப் பாதியாக்கிவிடுவார்.

ஆனால் அவர் பெயர் நின்றது கொத்சுவில்தான். கத்தரிக்காயை நல்லெண்ணெயில் வதக்குகிறவர்கள் ஒரு கட்சி, சுடுகிறவர்கள் ஒரு கட்சி. நாங்கள் சுடும் கட்சி. காம்போடு இருக்கும் காயில் நல்லெண்ணெய் தடவி, வெடிக்காமல் இருக்க ஈர்க்கால் நாலு குத்து குத்தி, தீயில் வைக்காமல் தணலில் புதைப்பார். காய் துவண்டு, காம்படியில் நீர் கசிந்ததும் எடுப்பார். தோலைச் சூட்டோடு கையால் உரிக்க வேண்டும். தண்ணீரில் நனைத்து உரித்தால் புகை மணம் போய்விடும் என்று கையில் அடிப்பார். வறுத்த மல்லி, மிளகாய், கடலைப்பருப்பைக் கரகரப்பாகப் பொடித்துக் கடைசியில்தான் தூவுவார். வெங்காயம் கிடையாது. புது அரிசி குழையும் என்பதால் பழைய சம்பா அரிசிதான் வடிப்பார். அந்த நெல் அவர் ஊர் வயலில் விளைந்தது. 2023 ஜூலையில் நெய்வேலிச் சுரங்கத்துக்கான கால்வாய் வெட்ட, நின்ற பயிருக்குள் இயந்திரம் இறங்கியதே, அதே ஊர் வயல்கள். அதைப் பற்றி எழுத இந்த மலர் இடமல்ல.

தரத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. இன்று நன்றாகச் சமைக்கும் இளையவர்கள் பலர் நம்மிடையே உண்டு. ஆனால் கொத்சுவில் தக்காளி போடுகிறார்கள். ஒரு தக்காளிதானே என்பார்கள். அந்த ஒன்று விழுந்த பிறகுதான் வெங்காயம் வந்தது, பொட்டலப் பொடி வந்தது, காயைச் சுடப் பொறுமையில்லாமல் குக்கரில் வேகவைத்து மசிப்பது வந்தது. கொத்சு சாம்பாரானது. சாம்பாரில் சர்க்கரை விழுந்தது. ரசம் பந்தியில் பாதிப் பேருக்கு வருவதற்குள் கோபி மஞ்சூரியன் வந்துவிடுகிறது. சோற்றுக்குக் காத்திருக்கும் பழக்கம் போயிற்று, பந்தியில் பெரியவர்கள் எழும்வரை உட்கார்ந்திருக்கும் பழக்கமும் போயிற்று. தக்காளிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று செயலாளர் கேட்டார். எனக்குச் சம்பந்தம் இருப்பதாகத்தான் படுகிறது.

மரபைக் காக்க வழி இல்லாமல் இல்லை. இத்தாலியில் 1985இல் ஒரு சட்டம் போட்டார்கள். விவசாயி தன் பண்ணை வீட்டிலேயே விருந்தினருக்குச் சாப்பாடு போடலாம், ஆனால் பரிமாறுவதில் கணிசமானது அவர் நிலத்து விளைச்சலாக இருக்க வேண்டும். நாட்டுப்புறத்துச் சாப்பாடு தேடிப் போகிறவர்கள் அப்படிப்பட்ட வீடுகளைத்தான் விசாரிக்கிறார்கள். நமக்குச் சட்டமில்லை, சங்கம் இருக்கிறது. நல்ல கை எந்த ஊரில், எந்த வீட்டில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதி வைத்தால் போதும். வெளியூரிலிருந்து நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வருகிறவர்களைத் தயங்காமல் அங்கே அனுப்பலாம்.

அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்கும்படி பெரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தக்காளி போடுகிறவர்களைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.